நிலவறை அடுப்பு

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடொன்றில் நெருப்பு இருக்கும் இடம் எவருக்கும் தெரியும். அடுப்படிக் கூரையிற் படிந்த கரியும், தாழ்வாரத்தில் அடுக்கிய விறகும், விடியலில் முதலில் எழுபவர் சாம்பல் வாரும் ஓசையும் அதனைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அங்கே வீடு கட்டுபவன் காற்றை உள்ளே அழைக்கும் பொருட்டுக் கட்டுகின்றான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வீடு கட்டுபவனோ காற்றை வெளியே நிறுத்தும் பொருட்டுக் கட்டுகின்றான். அவ்வீட்டிலும் ஒரு நெருப்பு உண்டு. சமையலடுப்பிலும் பன்மடங்கு பெரிய நெருப்பு. ஆயினும் அது நிலவறையின் ஒரு மூலையில், தகரப் பெட்டியொன்றினுள், கதவடைத்த சிற்றறையில் எரிவதால், அவ்வீட்டில் இருபது ஆண்டு வாழ்ந்தோருள்ளும் அதன் சுவாலையைக் கண்ணாற் கண்டவர் சிலரே.

1983க்குப் பின் ரொறன்ரோவிலும் அதன் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவிலும் குடியேறிய ஈழத்தமிழர் இப்பெட்டியைப் ‘பேர்ணஸ்’ என்றே வழங்குவர். இவ்விதழைப் படிப்போருட் பலருக்கு அந்நகரில் அண்ணனோ மாமியோ இருத்தல் கூடும். தொலைபேசியில் அவர்கள் குளிரைப் பற்றிப் பேசுவர். பனியைப் பற்றிப் பேசுவர். வீட்டுக்கடனைப் பற்றிப் பேசுவர். பேர்ணசைப் பற்றிப் பேசுவதில்லை. அது ஒழுங்காக இயங்கும்வரை பேசுவதற்குரிய பொருளாக எவருக்கும் தோன்றுவதில்லை.

இயந்திரத்தின் இயல்பைச் சற்று விளங்கிக்கொள்ளல் வேண்டும். நடுத்தர வீடொன்றின் உலை மணிக்கு எண்பதினாயிரம் பிரித்தானிய வெப்ப அலகு அளவினதாக இருக்கலாம். அஃதாவது ஏறத்தாழ 23 கிலோவாற்று. ஒரு கிலோவாற்று மின்னடுப்புகள் இருபத்து மூன்றை ஒருங்கே எரித்தற்கு ஒப்பு. சுவரில் உள்ள தேர்மோஸ்ரற் வீடு குளிர்ந்துவிட்டதென அறிவித்ததும் நெருப்பு உடனே பற்றிக்கொள்வதில்லை. முதலிற் சிறு விசிறியொன்று சுழன்று பழைய புகையை வெளியே உறிஞ்சித் தள்ளும். புகைவழி திறந்திருக்கின்றதா என்பதை ஓர் அமுக்க ஆளி சோதிக்கும். அது இசைந்த பின்னரே சிலிக்கன் நைத்திரைட்டாலோ சிலிக்கன் காபைட்டாலோ ஆன பற்றவைக்கும் கோல் செந்தணலாகும். அதன் பின்னரே வாயுவின் வாயில் திறக்கும். சுவாலை எழுந்ததை மெல்லிய உலோகக் கம்பியொன்று உணர்ந்து உறுதி கூறல் வேண்டும். சில விநாடிகளுள் அவ்வுறுதி கிடையாவிடின் வாயு அடைபடும். இவ்வளவும் முடிந்து, உட்குழாய்கள் சூடேறிய பின்னரே பெருவிசிறி இயங்கி வீட்டு வளியை அக்குழாய்களின் மேலாகச் செலுத்தி அறைகள்தோறும் அனுப்பும். ஒன்றை ஒன்று நம்பாத காவலாளர் வரிசையாக நிற்கும் கோட்டை வாயில் போன்றது இவ்வொழுங்கு.

இங்கே கருதவேண்டியது, சுவாலை வேறு, சுவாசிக்கும் வளி வேறு என்பதாகும். எரிந்த வாயு வெப்பப் பரிமாற்றியின் உட்புறமாகச் சென்று வெளியேறும்; வீட்டு வளி அதன் புறத்தே தடவிச் சூடேறும். இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய உருக்குத் தகடு மாத்திரமே. அத்தகடு வெடிக்காது காப்பதே பராமரிப்பின் பாதிப்பயன் எனலாம்.

வீட்டுக்கு இயற்கை வாயுவால் வெப்பமூட்டும் எண்ணம் பழையதே. நியூ ஜேர்சி மாநிலத்து மோறிஸ்ரவுணைச் சேர்ந்த அலிஸ் பார்க்கர் என்னும் கறுப்பினப் பெண்மணி, வாயுவால் எரிந்து, தனித்தனிக் குழாய்கள் வழியே வீட்டின் பல பகுதிகளுக்கும் வெப்பம் அனுப்பும் உலையொன்றுக்கு 1919 டிசெம்பரில் காப்புரிமை பெற்றார். அந்நாளில் அமெரிக்க வீடுகளிற் பெரும்பாலானவை நிலக்கரியையும் விறகையும் வாரிப் போட்டுக்கொண்டிருந்தன. சாம்பல் வாரும் வேலை எவருடையதாக இருந்ததென நினைப்பின், அவ்விண்ணப்பத்தை ஒரு பெண் எழுதியது வியப்பாகத் தோன்றாது.

இலங்கையர் அறிந்த சமையல் வாயு புறொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவவாயு, வளியினும் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு தவழ்ந்து தாழ்ந்த இடத்திற் தேங்கும். 2021இன் இறுதியில் இலங்கை வீடுகளில் அடுத்தடுத்து நிகழ்ந்த வெடிப்புகளின்போது அக்கலவையின் விகிதம் நாட்டின் பேச்சாயிற்று. கனடிய வீட்டுக்குள் நிலத்தடிக் குழாய் வழியே வருவதோ பெரும்பாலும் மெதேன், வளியினும் இலேசானது. அதற்கு இயல்பில் மணமில்லை. 1937 மார்ச்சில் ரெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரில், மணமற்ற வாயு பாடசாலையின் அடியிற் தேங்கி வெடித்து முந்நூறு பேரளவில், பெரும்பாலும் பிள்ளைகள், மாண்டனர். அதன் பின்னரே அழுகிய முட்டை போன்ற நாற்றம் தரும் கந்தகச் சேர்வையை வாயுவிற் கலக்கும் சட்டங்கள் பரவின. இன்று நிலவறையில் ஒருவர் மூக்கைச் சுளித்து வெளியே ஓடுவாராயின், அவரைக் காப்பது அந்தப் பிள்ளைகளின் சாவினாற் பிறந்த நாற்றமே.

இனி வடிகட்டிக்கு வருவோம். பேர்ணசின் உறுப்புகளுள் வீட்டுக்காரர் தம் கையாற் தொடவேண்டிய உறுப்பு அதுவொன்றே என்று கூறினும் மிகையாகாது. அட்டைச் சட்டத்துள் மடிப்பு மடிப்பாகப் பொருத்திய துணி. அதன் விலை ஒரு நேரச் சாப்பாட்டு விலையை ஒத்தது. திரும்பி வரும் வளி பெருவிசிறியை அடையுமுன் அதனூடே புகுந்தே செல்லல் வேண்டும். தொடக்கத்தில் இது மனிதரின் நுரையீரலைக் கருதி வைக்கப்பட்டதன்று. விசிறியையும் பரிமாற்றியையும் தூசி மூடாது காத்தற்கே வைக்கப்பட்டது. நுரையீரல் பின்னர் வந்து சேர்ந்துகொண்டது. வடிகட்டிகளின் தரத்தை ‘மேர்வ்’ என்னும் அளவால் 1 முதல் 16 வரை வகுத்துள்ளனர். எட்டாந் தரம் மகரந்தம், பூஞ்சணவித்து முதலிய 3 மைக்கிரோமீற்றருக்கு மேற்பட்ட துணிக்கைகளிற் பெரும்பகுதியைப் பிடிக்கும். பதின்மூன்றாந் தரம் ஒரு மைக்கிரோமீற்றரினும் சிறிய புகைத்துணிக்கைகளிலும் பாதியையேனும் பிடிக்கும். 2023 ஜூனில் கியூபெக், ஒன்ராறியோக் காட்டுத்தீக்களின் புகை ரொறன்ரோவை மூடியபோது, வெப்பமே தேவைப்படாத கோடையிலும் மக்கள் பேர்ணஸ் வடிகட்டியைத் தேடி அலைந்தது இதனாலேதான். கோடையிற் குளிர்வளியை அனுப்புவதும் அதே விசிறியே. வடிகட்டிக்கு விடுமுறை இல்லை.

உயர்ந்த தரமே நல்லதென எண்ணுவது இயல்பு. ஆயின் அது முழுதும் சரியன்று. ஓர் அங்குலத் தடிப்புடைய சட்டத்துள் பதின்மூன்றாந் தரத் துணியைச் செறித்தால், ஒடுங்கிய பழைய குழாய்கள் உள்ள வீட்டில் விசிறி மூச்சுத் திணறும். நான்கு அல்லது ஐந்து அங்குலத் தடிப்புடைய சட்டத்தில் மடிப்புகளின் பரப்பு மிகுதியாதலின் அதே தரம் இலகுவாகப் பொருந்தும். மெல்லியதை ஒன்று முதல் மூன்று மாதத்துக்கொருமுறையும் தடித்ததை ஆறு முதற் பன்னிரண்டு மாதத்துக்கொருமுறையும் மாற்றுவது பொதுவழக்கு. சட்டத்திற் பொறித்த அம்புக்குறி உலையை நோக்கி இருத்தல் வேண்டும். இதனைத் தலைகீழாகச் செருகியோர் பட்டியல் எடுக்கப்படின் அதிற் பொறியியலாளரும் இருப்பர்.

தமிழ் வீட்டு வடிகட்டிக்கு வேலை சற்று அதிகம் என்பதையும் மறைப்பதற்கில்லை. தாளிதத்தில் எழும் எண்ணெய் ஆவி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் யாவும் அங்கே வந்து சேரும். வெறுந் தூசி துணியில் உதிர்ந்து நிற்கும். எண்ணெய்ப் பசையோடு கூடிய தூசி கம்பளம்போல் இறுகும். அவ்விறுக்கத்தைக் கண்டும், எறிவதற்கு மனமில்லாது, அட்டை வடிகட்டியைத் தட்டிக் கழுவிக் காயவைத்து மீண்டும் செருகிய சிக்கனக்காரரும் உளர். தேங்காய்ப்பால் பிழிந்த துணியை அலசி மீண்டும் பயன்படுத்துவோர்க்கு அது நியாயமாகவே படும். நனைந்த மடிப்பு தன் பிடிப்பை இழந்துவிடும். ஈரத்திற் பூஞ்சணமும் ஏறும்.

வடிகட்டி அடைபட்டால் நிகழ்வது யாது? உலை தரும் வெப்பம் குறைவதில்லை. அதனைக் கொண்டுசெல்லும் வளி குறைந்துவிடுகின்றது. எனவே பரிமாற்றியின் சூடு எல்லை கடக்கும். எல்லை ஆளி சுவாலையை அணைக்கும். விசிறி மாத்திரம் ஓடி, சூடு தணிந்ததும் மீண்டும் பற்றும், மீண்டும் அணையும். அறையிலிருப்போர் “பேர்ணஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, ஏன் குளிர்கிறது?” என்பர். இவ்வாறு சூடேறிச் சூடாறி, விரிந்து சுருங்கி வரும் உருக்குத் தகடு ஒருநாள் வெடிப்புக் காணலாம்.

ஸ்காபரோவில் மகனுடைய வீட்டிற் தங்கியிருந்த வடமராட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இக்காரியத்தைத் தம் பொறுப்பாக ஏற்றிருந்தார். பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கும் பெற்றோர் வேலைக்கும் போனபின் அவருக்கு எஞ்சிய நேரம் நீண்டது. புதிய வடிகட்டியின் சட்டத்தில் திகதியைப் பேனாவால் எழுதியே செருகுவார். அவ்வீட்டின் நிலவறையில் ஓர் இளங்குடும்பம் வாடகைக்கு இருந்தது. கைக்குழந்தைக்கு இழுப்பு. ரொறன்ரோவிற் பழைய வீடுகள் பலவற்றில் மேல்வீட்டுக்கும் நிலவறைக்கும் பேர்ணஸ் ஒன்றே; தேர்மோஸ்ரற் மேலே இருக்கும், உலை கீழே இருக்கும். மேலே 21 பாகை காட்டும்பொழுது கீழே 17 ஆக இருத்தல் கூடும். குளிர்மாதங்களில் வாடகைக் குடியிருப்பிற் குறைந்தது 21 பாகையைப் பேணவேண்டும் என்பது அந்நகரசபையின் விதி. எனினும் விதியை எடுத்துக்கூறும் துணிவு, வாடகையைக் காசாகக் கொடுத்து உறவினர் ஒருவர் சொல்லி வந்து குடியிருக்கும் குடும்பத்துக்கு எளிதில் வருவதில்லை.

ஒரு மாசி மாதத்தில் உலை விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. வடிகட்டி மாற்றி மூன்று வாரமே ஆகியிருந்தது. எடுத்துப் பார்த்தால் வெளிச்சம் தெளிவாக ஊடுருவியது. குறை வேறெங்கோ இருத்தல் வேண்டுமெனப் பெரியவர் வளி திரும்பும் துவாரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தார். நிலவறைக் குடும்பத்தின் அறையிலிருந்த பெரிய துவாரம் கட்டிலுக்குப் பின்னே போர்வையால் அடைக்கப்பட்டு, மேலே அட்டையும் ஒட்டப்பட்டிருந்தது.

“ஏன் பிள்ளை, இதை அடைச்சு வைச்சிருக்கிறீர்?”

“நாங்கள் சமைச்சால் மேலே மணம் வருகுதெண்டு அக்கா சொன்னவா, ஐயா.”

மருமகள் எப்போதோ படியில் நின்று சொன்ன ஒரு வார்த்தை அது. சொன்னவர் மறந்தும் இருப்பார். கேட்டவள் மறக்கவில்லை. தன் வீட்டுக் கருவாட்டு மணம் பிறர் வீட்டுக்குப் போகாதிருக்கத் தன் பிள்ளை மூச்சு விடும் அறையின் வளியோட்டத்தையே அவள் நிறுத்திவிட்டாள். மேல்வீட்டு மணம் கீழே வந்ததைப் பற்றி அவள் எவரிடமும் முறையிட்டதில்லை. ஒரே விசிறி இரு குடும்பத்தின் மூச்சையும் வாங்கி, ஒரே வடிகட்டியில் அரித்து, இருவர்க்கும் பகிர்ந்து அனுப்பும் வீட்டில், மணத்துக்கு மாத்திரம் மேற்சாதி, கீழ்ச்சாதி வகுத்தல் இயந்திரத்துக்கு ஏலாத காரியம். பெரியவர் போர்வையைத் தாமே அகற்றி மடித்துக் கொடுத்தார். மகனிடம் குறை துவாரத்தில் இருந்ததென்றார். எத்துவாரம் என்று சொல்லவில்லை. மருமகளிடம் பேசியது நெடுநேரம் எனினும் அது வெளியே கேட்கவில்லை. அன்றிரவே உலை சீராக எரிந்தது.

இத்தகைய வீடுகளில் துவாரம் அடைபடுதல் வெறும் வசதிக்கேடு மாத்திரமன்று. உலை இருக்கும் சிற்றறையுள் உடுப்புப் பெட்டிகளையும் அரிசி மூடைகளையும் அடுக்கி, கதவிடுக்குகளையும் அடைப்பது வழக்கம். புதிய உலைகளிற் பல எரிதற்கு வேண்டிய வளியை வெளியேயிருந்து தனிக்குழாயால் இழுப்பன. பழையனவோ அறையின் வளியையே உண்பன. ஒட்சிசன் போதாதபோது மெதேன் முழுதாக எரியாது, காபனீரொட்சைட்டுக்குப் பதிலாகக் காபனோரொட்சைட்டும் தோன்றும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மெதேனுக்குச் சேர்த்த நாற்றமும் எரிந்து போய்விடுவதால் மூக்குக்கு எவ்வறிவித்தலும் இல்லை. குருதியின் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்தோடு பிணையும். தலையிடி, ஓங்காளம், சோர்வு என்பவையே அதன் முதற்குறிகள். குளிர்காலத்தில் இவற்றைத் தடிமனென்று கருதிப் போர்த்துப் படுப்போரே மிகுதி. வெளியே போனால் தலையிடி குறைந்து, உள்ளே வந்ததும் கூடுமாயின் ஐயுறல் வேண்டும்.

2008 டிசெம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில், புகைபோக்கி அடைபட்டதால் வீட்டினுட் திரும்பிய இவ்வாயுவினாற் பெற்றோரும் இரு பிள்ளைகளுமாகக் குடும்பமொன்று முழுவதும் மாண்டது. அக்குடும்பத்தின் பெயரால் 2013இல் சட்டமொன்று நிறைவேறி, 2014 ஒக்ரோபர் முதல் வாயு உலை உள்ள வீடுகளிற் படுக்கையறைகளுக்கு அருகே எச்சரிக்கைக் கருவி பொருத்துதல் கட்டாயமாயிற்று. கருவிக்கும் ஆயுள் உண்டு. அதன் முதுகில் முடிவுத் திகதி பொறித்திருக்கும். பத்து ஆண்டுக்கு முன் வாங்கிய கருவி பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே செத்திருக்கலாம்.

மின்சாரமின்றி இவ்வுலை இயங்காது என்பதும் பலருக்குக் குளிர் வந்தபின்னரே தெரியவருகின்றது. வாயு குழாயில் நிற்கும். விசிறியும் ஆளிகளும் உறங்கும். 2013 டிசெம்பர் உறைமழைப் புயலில் ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின்னிணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அந்நாள்களிற் கரி அடுப்பையும் சிறு மின்பிறப்பாக்கியையும் வீட்டுக்குள்ளும் வாகனக் கொட்டிலிலும் இயக்கி நச்சுக்கு ஆளானோர் பலர்.

வடிகட்டிக்கு அப்பால் வீட்டுக்காரர் செய்யக்கூடியவை சிலவே. வினைத்திறன் மிக்க புதிய உலைகள் புகையிலுள்ள நீராவியையும் ஒடுக்கி அதன் மறைவெப்பத்தையும் கறந்துகொள்கின்றன. ஒரு கனமீற்றர் வாயு எரியின் ஒன்றரைக் கிலோகிராம் அளவில் நீர் பிறக்கும். அதில் ஒடுங்குவது சற்று அமிலத்தன்மையோடு சிறு குழாய் வழியே நிலவறை வடிகாலைச் சேரும். அக்குழாய் அடைபடாதிருக்கின்றதா, வெளிச்சுவரிலுள்ள பிளாஸ்ரிக்குப் புகைவாயைப் பனி மூடியிருக்கின்றதா என்று பார்த்தல் எவர்க்கும் இயலும். சுவாலை உணரும் கம்பியைத் துடைத்தல், வாயுவின் அமுக்கம் அளத்தல், பரிமாற்றியைச் சோதித்தல் முதலியன உரிமம் பெற்ற வாயுத் தொழில்நுட்பரின் பணி. ஆண்டுக்கொருமுறை, இலையுதிர்காலத்தில், அவரை அழைப்பது நன்று. கடுங்குளிர் வந்தபின் அவர் கிடைப்பதரிது.

அழையாமலே வந்தோரும் இருந்தனர். கழுத்தில் அடையாள அட்டையோடு கதவைத் தட்டி, “உங்கள் உலையைச் சோதிக்க வந்தோம்” என்று நிலவறைக்கு இறங்கி, வெடிப்பு உள்ளதென அச்சுறுத்தி, மாதவாடகை ஒப்பந்தத்திற் கையொப்பம் வாங்கிச் சென்றனர். ஆங்கிலம் குறைந்த முதியவர் பகலிற் தனித்திருக்கும் வீடுகள் அவர்க்கு வாய்ப்பாயின. ஒன்ராறியோ அரசு 2018 மார்ச் முதலாந் திகதியிலிருந்து உலை போன்றவற்றை அழையாது வந்து கதவடியில் விற்பதைத் தடைசெய்தது. ஒப்பந்தக் கடனைக் காணியின் உறுதிமேற் பதிந்துவைத்து, வீடு விற்கும்போது பெருந்தொகை கறந்த முறைக்கு 2024இலேயே முடிவு வந்தது. வடமராட்சிப் பெரியவரிடமும் அவ்வாறு ஒருவர் வந்ததுண்டு. நிலவறைக்குப் போகுமுன் வடிகட்டியின் அளவைச் சொல்லும்படி பெரியவர் கேட்டார், வந்தவர் தயங்கினார், கதவு அத்துடன் அடைபட்டது.

புதிதாக இப்போது வெப்பப்பம்பி என்னும் இயந்திரம் உலைக்குப் பதிலாகவும் துணையாகவும் இடம்பெற்று வருகின்றது. அதில் எரிவது எதுவுமில்லை. வெளிவளியிலுள்ள வெப்பத்தையே உள்ளே இறைக்கும். கடுங்குளிருக்கென வாயு உலையையும் உடன் வைத்துக்கொள்வோர் உளர். மகனுடைய வீட்டிலும் அப்பேச்சு எழுந்து, விலையைக் கேட்டதும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. எதைப் பூட்டினாலும் பழைய குழாய்களும் பழைய துவாரங்களும் அப்படியே இருக்கும். பதினாறுக்கு இருபத்தைந்து அங்குல வடிகட்டியும் இருக்கும். அலுமாரியில் இன்னும் நான்கு வாங்கி அடுக்கப்பட்டுள்ளன.